முன் சக்கரத்துக்கும் பூட்டு

கேள்வி: என் ஃபார்ச்சூனரில் பின்பக்கம் டிஃப் லாக் இருக்கிறது. முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். அங்கேயும் லாக்கர் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பாறை, பள்ளம் என்று இறங்குபவருக்கு அது பெரிய பலம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். ஒன்று அந்தரத்தில் சும்மா சுற்றினால், தரையில் நிற்பதற்கும் அந்தச் சொற்பம்தான். சோம்பேறிக்குத் தரும் கூலிதான் உழைப்பாளிக்கும்! லாக்கர் இந்த அநியாயத்தை ஒழிக்கிறது. இடது, வலது ஆக்சில் இரண்டும் ஒன்றாகவே சுற்றும்.

ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் லாக்கரை விற்கிறது. உங்கள் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருப்பதால், அது சக்கரத்தோடு ஏறி இறங்காது. காற்றுக்குழாய்க்கு இழுபறி குறைவு.

கவலை, முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டைப் பற்றியது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, சக்கரம் கீழே தொங்கும்போது அது மிகவும் வளைந்திருக்கும். அந்த நேரத்தில் லாக்கரைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடைந்துவிடக்கூடும். வண்டியை உயரப்படுத்தியிருந்தால் வளைவு இன்னும் கூடும். எனவே முதலில் பின் லாக்கர். போதாவிட்டால் மட்டும் முன். ஸ்டீயரிங் நேராக, வேகம் மெதுவாக.

பொருத்தும்போது மெக்கானிக் டயல் கேஜ் வைத்து கிரவுன்–பினியன் பற்களின் இடைவெளியை (பேக்லாஷ்) அளந்து, ஷிம் போட்டுச் சரிசெய்கிறாரா என்று பாருங்கள். கேஜே இல்லை, கைப்பழக்கம் போதும் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நல்ல பூட்டுக்கு நல்ல கை வேண்டும்!