கண்ணாடி பிடித்தவள்

மதுரை கோரிப்பாளையத்தில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது தொழில்நுட்பக் கல்விக்கு ‘வீட்டுச் சாமானைக் கெடுக்கிறது’ என்று பெயர். கட்டணம் கிடையாது, முதுகில் நாலு விழும், அவ்வளவுதான். இப்போது அதே வேலைக்கு மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, டி-ஷர்ட் போட்டுவிட்டு, கடைசியில் சான்றிதழும் தருகிறார்கள். அக்காவின் மகள் வயிற்றுப் பேத்தி சனிக்கிழமைதோறும் ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். தேவர் சிலை சிக்னலைத் தாண்டிக் கூட்டிப்போய் வருவது என் பொறுப்பு.

எழுபதுகளில் எங்கள் ஆய்வுக்கூடம் தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டு வீடு. ஃபியூஸ் போன குண்டு பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, அப்பாவின் வேட்டி, பெட்டிக்கடையில் வாங்கிய துண்டு பிலிம். இவ்வளவு போதும், சினிமா ரெடி. பல்பின் அடியில் இருக்கும் கறுப்புக் கண்ணாடியை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தண்டைப் பல்பு விரியாமல் தட்டி உடைக்க வேண்டும். பாதிப் பேர் தோற்றது இங்கேதான். தப்பிப் பிழைத்த பல்பில் தண்ணீரை நிரப்பினால் லென்ஸ். கதவு ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தில் பிலிம், அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பல்பு, எதிரே வேட்டி. முதல் காட்சியில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நின்றார். பிலிமைக் கவிழ்த்துப் பிடித்ததும் நிமிர்ந்தார். பல வருஷம் கழித்து, குவிலென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும் என்று வாத்தியார் கரும்பலகையில் கோடு போட்டபோது எங்களுக்கு அது பழைய சேதி.

ஒரே தொல்லை, சூரியன் ஒரு இடத்தில் நிற்காது. வெளியே தெருவில் நின்றுகொண்டு கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெயிலை உள்ளே அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அது அக்கா. உள்ளே இருட்டில் நாங்கள் விசிலடிப்போம். வைகைக்கு அந்தக் கரையில் 2,563 இருக்கை கொண்ட தங்கம் தியேட்டரை ஆசியாவிலேயே பெரிசு என்று ஊரே பீற்றிக்கொள்ளும். எங்கள் தியேட்டருக்கும் ஒரு விசேஷம் உண்டு: படம் ஓட்டுகிறவளுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நாங்கள் இப்படிக் கெட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1972-இல், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையால் செய்து பார்க்கவிட்டே அறிவியல் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கோத்தே வடிவியல் சொல்லிக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ வந்தது. பிள்ளைகள் கணினியோடு தாமே செய்து பார்த்துக் கற்பதைப் பற்றி அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் 1980-இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற புத்தகம் எழுதினார். அந்தப் பெயரில் லெகோ 1998-இல் ரோபோ பெட்டி விற்க ஆரம்பித்து, 2022-இல் கடையைக் கட்டிவிட்டது. நம் மத்திய அரசு 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் அமைக்கப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எங்கள் லேபுக்கு அப்பா தந்தது பெல்ட் அடி மட்டும். ஆனால் எங்கள் லேப் பூட்டிக் கிடந்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் 3டி பிரிண்டருக்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் வரும் நாளில்தான் அதற்குக் காற்றுப் படும்.

பழையதையே தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனசில்லை. பேத்தியின் வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்பிள்ளைகள். எல்லாரும் அறைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறை வேறு இடத்தில். பாகமெல்லாம் எண் போட்ட பொட்டலத்தில் வருகிறது. சிவப்பு வயர் எங்கே, கறுப்பு வயர் எங்கே என்று படத்தோடு புத்தகம். செய்தது ஓடாவிட்டால் சார் வந்து போர்டையே மாற்றிக் கொடுத்துவிடுகிறார். எது கெட்டது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பாடம் மட்டும் கட்டணத்தில் சேரவில்லை.

போன மாதம் சூரியனைப் பார்த்துத் திரும்பும் சோலார் தகடு. தகட்டின் இரு பக்கமும் வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர். ஒவ்வொன்று; எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் தகட்டைத் திருப்பும்படி ஆர்டுயினோ போர்டு சர்வோ மோட்டாருக்குச் சொல்லும். மொட்டைமாடியில் வைத்தோம். தகடு வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேத்தி மடிக்கணினியில் புரோகிராமை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். நான் சாருக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை.

வற்றல் காயப்போட வந்த அக்கா இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தகட்டின் ஒரு ஓரத்தை விரலால் மறைத்தாள், பிறகு மறு ஓரத்தை.

“ஏ தாயி, இந்தப் பக்கத்துக் கண்ணை அந்தப் பக்கம் மாத்தி மாட்டிட்டியா? வெளிச்சத்தைக் கண்டா ஓடுதே!”

இரண்டு வயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகியதும் தகடு ‘கிர்’ரென்று மேற்கே திரும்பியது.

“அம்மாச்சி, நீங்க கோடிங் படிச்சிருக்கீங்களா?”

அக்கா அவளுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். “ஏன்டா, இதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறீங்க?”

சொன்னேன்.

“அடப்பாவி! அன்னைக்கு வெயில்ல நின்ன எனக்கு ஒரு கடலை மிட்டாயாவது வாங்கிக் குடுத்தீங்களாடா?”