போலாம் ரைட்

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் என் வலது கை மட்டும் டியூட்டியில் இருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா உரசிக்கொண்டே இருக்கும். டிக்கெட் கிழித்துப் பழகிய கை, பென்ஷன் வந்த சேதி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றாள் என் மனைவி. திருச்சியில் நரம்பு டாக்டர் என்னை அறைக்குள்ளேயே நாலு எட்டு நடக்கச் சொன்னார். ஒரு கை வீசியது. இன்னொன்று விலாவோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, "பார்க்கின்சன்" என்றார். விரல் ஆடுவது மாத்திரை உருட்டுகிற மாதிரி இருக்கும், அதுவும் ஓர் அடையாளமாம். அவர் கண்ணுக்கு மாத்திரை, எங்கள் கண்ணுக்கு டிக்கெட்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போவதுதான் விஷயம். நடுக்கம் வெளியே தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்குமாம். மோப்பம் அதற்கும் பல வருஷம் முன்பே போய்விடலாம் என்றார். அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மூக்கைப் பொத்தியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அதற்கு என் மனைவி அன்றைக்கு வைத்த பெயர்கள் வேறு. டாக்டர் சொன்ன பிறகு அவற்றில் சிலவற்றை வாபஸ் வாங்கிக்கொண்டாள். நோயில் கண்ட முதல் லாபம் அது.

இந்தப் பார்க்கின்சன் யார் என்று பேரன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். லண்டன் டாக்டர். 1817-ல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். மொத்தம் ஆறே நோயாளிகள். அதிலும் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆள் வருகிற நடையை வைத்தே அவன் சில்லறை வைத்திருக்கிறானா இல்லையா என்று சொல்லும் கலை எங்கள் தொழிலிலும் உண்டு. அதனால் மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது. அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். அவருக்குப் புதைபடிவங்கள் என்றால் பைத்தியம். 1804 முதல் 1811 வரை அதைப் பற்றி மூன்று தொகுதிகள் போட்டிருக்கிறார். கல்லாகிப்போன ஒரு கடல்பிராணிக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் காரை, கொளக்காநத்தம், அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல்; சிமெண்டு ஆலைக்காரர்கள் தோண்டி அரைப்பதே அந்தக் கடலடிச் சுண்ணாம்பைத்தான். சுருள் சுருளாய் அம்மோனைட் கிடைக்கும் மண். அவர் மட்டும் ஒருமுறை இங்கே வந்திருந்தால் லண்டன் திரும்பியிருக்க மாட்டார். குனிந்தால் அம்மோனைட், நிமிர்ந்தால் நான்.

நடுக்கத்தோடு குடும்பம் நடத்திவிடலாம். உறைந்து நிற்பதுதான் தொல்லை. நிலைப்படி வந்ததும் இரண்டு காலையும் தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவேன். மனசு அந்தப் பக்கம் போய்விடும், உடம்பு இந்தப் பக்கம். "தாத்தா சாத்தனூர் ஆயிட்டாரு!" என்று பேரன் உள்ளே குரல் கொடுப்பான். பள்ளிக்கூடத்தில் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டியதன் பலன். 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டு வயது, 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. அது படுத்திருக்கிறது, நான் நிற்கிறேன். அதைச் சுற்றி வேலி, என்னைச் சுற்றிக் குடும்பம்.

ஒருநாள் மாத்திரைக்கு நேரமாகிறது, நான் வாசல்படியில் சாத்தனூர். பொறுத்துப் பார்த்த என் மனைவி கடுப்பில் கத்தினாள்: "போலாம் ரைட்!" கால் கிளம்பிவிட்டது.

உடற்பயிற்சி சொல்லித் தரும் பையன் இதைக் கேட்டு அதிசயப்படவில்லை. யோசிக்காமல் நடக்கிற மெயின் ரோடு அடைபட்டிருக்கிறது, கண்ணாலும் காதாலும் வருகிற பைபாஸ் திறந்துதான் இருக்கிறது என்றான். தாளம், விசில், தரையில் கோடு, எது கிடைத்தாலும் கால் பிடித்துக்கொள்ளுமாம். என் பழைய விசில் அன்றைக்கே மனைவியின் சாவிக்கொத்தில் ஏறியது. ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லித்தான் நடக்கிறேன், இப்போது சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். தரைக்கோடு மருமகள் இலாகா. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜையறைக்குச் சின்னப் பாதம் போடுவார்கள். எங்கள் வீட்டில் தினமும் உண்டு. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை, பெரிய பாதம்.

மாத்திரைக்கும் பருப்புக்கும் ஆகாது. புரதம் உள்ளே போனால் லெவோடோபாவை வழிமறிக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பே போட்டாக வேண்டும். மருமகள் எழுதி ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போல எங்கள் டிப்போவில்கூட ஒன்று இருந்ததில்லை. அஞ்சு நிமிஷம் தாமதமானால் "மாமா, லேட்டு" என்று குரல் வரும். லெவோடோபா பூனைக்காலி விதையிலேயே இருக்கிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் வாத்தியார் நாற்காலியில் நாங்கள் தூவிய அதே அரிப்புச் செடி! கரண்டியால் அளந்து தின்கிற சமாசாரம் இல்லை, தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மச்சான் கொண்டுவந்த டப்பா பரணில் கிடக்கிறது.

மச்சானுக்கும் எனக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. இந்த நோயில் முகத்துத் தசையும் இறுகிவிடும். உள்ளே திருவிழா நடந்தாலும் வெளியே இழவு வீடு. ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்ததும் நான் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைத்தேன். அவர் மிரண்டுபோய், "மாப்பிள்ளை, இன்னுமா கோவம்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்றேன், குரலும் இறங்கிவிட்டதால் அது உறுமல் மாதிரி கேட்டிருக்கிறது. அதிலிருந்து செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் மூட்டையாக வருகிறது. நானும் முகத்தை மாற்றவில்லை. மாற்றவும் முடியாதே.

காலையில் மைதானத்துக்குக் கூட்டிப் போவது என்னோடு ஓடிய டிரைவர். சர்வீஸ் முழுக்க அவர் முன்னால் பார்த்தார், நான் பின்னால் பார்த்தேன். முகத்தைப் பார்த்துப் பேச இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. நான் உறைந்தால் அவரும் நிற்பார். "விசில் வராம வண்டிய எடுத்த பழக்கமில்ல" என்பார். சைக்கிள் மிதிக்கச் சொன்னவரும் அவர்தான். நடக்கவே முடியாத ஒரு நோயாளி சைக்கிளில் ஏறியதும் ஜோராக ஓட்டிப் போனதை நெதர்லாந்து டாக்டர்கள் 2010-ல் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். சிமெண்டு லாரி போகிற ரோட்டில் அந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று, நகராத சைக்கிளாக மகன் வாங்கிப் போட்டான். ஊருக்கே டிக்கெட் கொடுத்தவன், கூடத்தை விட்டு நகராமல் மிதிக்கிறேன்.

போன முகூர்த்தத்துக்கு அரியலூர் கிளம்பினோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் படியேறி உள்ளே கால் வைத்ததும், நடைவழியில் சாத்தனூர். பின்னால் கூட்டம் முட்டுகிறது. மனைவி யோசிக்கவே இல்லை. சாவிக்கொத்தை எடுத்து இரண்டு விசில் அடித்தாள். நான் கிளம்பினேன். பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

கண்டக்டர் கீழே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஓல்டான்! ஓல்டான்!" என்று கிளாஸோடு ஓடிவந்தார். அதைக் கேட்டு பஸ்ஸும் நின்றது, நானும் நின்றேன். "யாருய்யா விசில் அடிச்சது?" மனைவி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தாள். கண்டக்டர் வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முகத்தில் நின்றார். அதில் என்ன இருக்கும்? "பெரியவரு பாவம், உக்காருங்க" என்று ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் காதருகே குனிந்தாள்.

"சிரிச்சது போதும், டிக்கெட்ட வாங்குங்க."