எத்தனை அத்தை ஏறலாம்?

1023-ம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழர் கங்கைத் தண்ணீர் கொண்டுவரப் படையை அனுப்பினார். அவர் கங்கை வரை போகவில்லை. கோதாவரிக் கரையில் காத்திருந்து, திரும்பி வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்தார். தண்ணீரைச் சுமந்து வந்தது தோற்றுப்போன அரசர்கள் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுகிறது. பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, வண்டி வாங்கப் போகிறவன் கண்ணால் அதைப் படித்துப் பாருங்கள். யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, நாலு குடம் வைக்க ஒரு டிக்கி இல்லை. தோற்ற ராஜா தலையில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு ராஜேந்திரர் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டி, சோழகங்கம் என்று ஏரியும் வெட்டி, எங்கள் உடையார்பாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஆனார். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எந்த வாகனம் வந்து நின்றாலும் ஓட்டத்தை அப்புறம்தான் விசாரிப்பார்கள். முதல் கேள்வி, எவ்வளவு பிடிக்கும்?

ஊருக்கே சொந்தமான சரக்குக் கதை ஒன்று பயறணீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. மிளகு மூட்டைகளோடு வந்த வியாபாரி ஒருவன் சுங்கத்துக்குப் பயந்து, "எல்லாம் பயறுதாங்க" என்று சொல்லிவிட்டானாம். மூட்டையைப் பிரித்தால் நிஜமாகவே பயறு. சிவன் காலில் விழுந்து அழுது மறுபடி மிளகாக்கிக்கொண்டான். சுங்கப் பாக்கி என்ன ஆயிற்று என்பதை மட்டும், கதை சொன்ன பெரியவர்கள் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஏற்றுவது ஒன்று, கேட்கிறவரிடம் சொல்வது இன்னொன்று என்ற போக்குவரத்துக் கொள்கைக்குச் சாமியே சாட்சி நின்ற ஊர் இது. இந்தக் கொள்கை பிறகு டொயோட்டா காலத்தில் மிகவும் பயன்பட்டது, அங்கே வருவோம்.

குடும்ப வண்டியை எடைபோட வெளியூர்க்காரர்கள் சி.சி., குதிரைத்திறன், லிட்டர் கணக்கில் டிக்கி என்று அளவுகள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அளவு அத்தை. ஓர் அத்தை என்றால் ஒரு முழு ஆள், மடியில் யார் வீட்டுப் பிள்ளையாவது ஒன்று, காலடியில் ஒரு வயர் கூடை, கூடைக்குள் புளிசோறு. எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் அலகு. மாமாக்களை எண்ணும் வழக்கமில்லை. அவர்கள் தொங்கிக்கொண்டோ, பின்னால் டிவிஎஸ் 50-லோ எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் கூண்டு வண்டி ஆறு அத்தை. அடியில் வைக்கோல், மேலே சாக்கு, அதற்கு மேலே ஜமுக்காளம். உட்காரும் இடத்தைத் தீர்மானிப்பவர் வண்டிக்காரர். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு நடக்காது. ஆகவே மேட்டில் ஏறும்போது "எல்லாரும் முன்னாடி வாங்க", பள்ளத்தில் இறங்கும்போது "பின்னாடி போங்க" என்று வண்டிக்காரர் கத்துவார், ஆறு அத்தைகளும் கூடையோடு இடம் மாறுவார்கள். இப்போது பல லட்ச ரூபாய் வண்டியில் இதைச் செய்ய கம்ப்யூட்டர் வைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, விளம்பரத்தில் தனியாகக் காட்டுகிறார்கள்.

இந்த வண்டித் தடத்தில் பெரிய மனிதர்களும் குலுங்கியிருக்கிறார்கள். உடையார்பாளையம் ஜமீன் ஆதரித்த வித்துவான் கனம் கிருஷ்ணையர். அவரிடம் பாட்டுக் கற்றவர் வேங்கடசுப்பையர். பாட்டை நம்பிப் பிழைத்த அந்தக் குடும்பம் அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராக இடம் மாறியது. அவர் மகன் 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தாவின் பால்யத்தில் பாதி பாடத்தில் போயிருந்தால், மீதி மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போயிருக்கும் போலிருக்கிறது. பின்னாளில் ஓலைச்சுவடிகளைத் தேடி அத்தனை ஊர் அலைய அவர் இடுப்பு தாங்கியதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஜமீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பல்லக்கு என்பது ஓர் ஆள் வண்டி. அதைச் சுமக்க நாலு பேர். குடும்ப வாகனம் என்ற வகையில் சுத்தத் தோல்வி. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்புறம் ஊரில் பிளசர் கார் என்று ஒன்று தென்பட்டால், அது டாக்டருடையதாகவோ ரைஸ் மில்காரருடையதாகவோ இருக்கும். பிள்ளைகள் அதன் புழுதிக்குள் ஓடுவார்கள். அதுவும் ஒருவகைப் பயணம்தான்.

இனி அம்பாசடர். வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் செய்யத் தொடங்கிய இந்தக் கார், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். வரைந்த வெள்ளைக்காரன் ஐந்து பேர் உட்காரலாம் என்று எழுதி வைத்தான். பாவம், அவனுக்கு அத்தைகள் கிடையாது.

உடையார்பாளையத்துக்கு வந்தபோது அது ஒன்பது அத்தை வண்டியாக வளர்ந்திருந்தது. முன்னால் ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் தரை முழுக்கக் காலி. டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு, வலது தோளை ஜன்னலுக்கு வெளியே வைத்துத்தான் ஓட்டுவார். பக்கத்தில் மூன்று பேர். அதில் டிரைவரை ஒட்டி இருப்பவர் ஒவ்வொரு கியருக்கும் முட்டியை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். இந்தப் பதவி பொறுப்பானது என்பதால் புது மாப்பிள்ளைக்குத் தருவார்கள். பின்சீட்டில் அத்தைகள் ஒருவர் சாய்ந்தும் ஒருவர் நுனியிலுமாக, சாய்ந்தவர் மடியில் பாதி நுனிக்காரர் உட்கார்ந்திருக்கும்படி அடுக்கப்படுவார்கள். கால் வைக்கும் இடத்தில் பிள்ளைகள். குலதெய்வத்துக்குப் படைக்கப் போகிற நாளென்றால் டிக்கியில் அண்டா, அரிசி, விறகு, ஓரமாகக் கிடா. கிடாவுக்குக் காற்று வேண்டுமே என்று டிக்கிக் கதவைத் திறந்து கயிற்றால் கட்டியிருப்பார்கள். அந்தக் காரில் கொஞ்சம் வசதியாகப் போனது அந்தக் கிடா ஒன்றுதான். திரும்பி வரும்போது அந்த இடத்துக்குப் போட்டி இருக்கும்.

நடுவழியில் ரேடியேட்டர் கொதிக்கும். இதை வெளியூர்க்காரர்கள் குறையாக எழுதியிருக்கிறார்கள். கொதித்தால்தான் வண்டி நிற்கும், நின்றால்தான் புளியமரத்தடியில் கூடை திறக்கும். சமயபுரம் போகிற வழியில் வண்டி ஒரு தடவைகூடக் கொதிக்காவிட்டால் மொட்டை போட வேண்டிய பிள்ளை பட்டினியோடுதான் போய்ச் சேரும்.

தலைமுறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4, 1990-ல் நோவா. ஒவ்வொரு தலைமுறையிலும் முன் கிரில்லை மாற்றிவிட்டு மீதியை முன்னோர் வைத்தது வைத்தபடி விட்டார்கள். உருப்படியான மாற்றம் தொண்ணூறுகளில் வந்த இசுசு இன்ஜின்தான். வேகம் கூடியது, சத்தம் குறைந்தது, கியர் ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு இறங்கியது. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் அந்தக் கியர்க் கம்பி முளைத்த இடத்தில் அதுவரை ஓர் அத்தை உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2014-ல் உற்பத்தியே நின்றது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ வாங்கியது. வண்டி இல்லாமல் பெயருக்கு மட்டும் இவ்வளவா என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் கொஞ்ச நாள் திகைத்துக் கிடந்தார்கள்.

இதற்கிடையில், குடும்பத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஸ்டேஷன் வேகன்கள் வந்தன. அமெரிக்காவில் ரயிலடியில் இறங்குகிறவர்களையும் அவர்கள் பெட்டிகளையும் சேர்த்து ஏற்ற உருவான வண்டி வகை அது. எங்களுக்கு ரயிலடியே அரியலூரில். 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. நீளமான, நிஜமாகவே கம்பீரமான வண்டி. மாருதி பலேனோ ஆல்டுரா, ஃபியட் வீக்எண்ட், ஓப்பல் கோர்சா ஸ்விங், 2004-ல் டாடா இண்டிகோ மரீனா என்று வரிசையாக வந்து வரிசையாகப் போயின. விலை, பெட்ரோல், தோற்றம் என்று நிபுணர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். என் கட்சி வேறு. பின்னால் அத்தனை பெரிய இடத்தைக் கொடுத்துவிட்டு, அதில் பெட்டி வைக்கச் சொன்னார்கள். அத்தையை வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியை உள்ளே ஏற்றிக்கொண்டு போகிற குடும்பம் இந்தத் தாலுகாவில் மறுபடி தலைகாட்ட முடியுமா?

டாடா நிறுவனமே 1994-ல் அந்தப் பாடத்தைப் படித்து சுமோவைக் கொண்டுவந்தது. எட்டு அத்தை. பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் ரோடு தெரியாது. எதிரே இருக்கிற சம்பந்தி மட்டும்தான் தெரிவார், அதுவும் முட்டி இடிக்கிற தூரத்தில். சீர்வரிசையில் எத்தனை பவுன் குறைந்தது என்று மூடிவைத்த பேச்செல்லாம் வி.கைகாட்டி தாண்டுவதற்குள் திறந்துகொண்டன.

ஒரு சின்ன விலகல். வண்டிகள் தலைமுறை மாறிய இதே காலத்தில் எங்கள் மாவட்டமும் மாடல் மாறிக்கொண்டிருந்தது. 1995 வரை திருச்சி. பிறகு பெரம்பலூர். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம். 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். ஒரே கொட்டகையில் நிற்கிற மூன்று வண்டிகளில் டிஎன் 45, டிஎன் 46, டிஎன் 61 என்று மூன்று மாவட்டத்து எண்கள் இருக்கும். மூன்றும் வீட்டு வாசலைத் தாண்டிக் குடிபெயர்ந்ததே இல்லை.

2000 ஜனவரியில் டொயோட்டா குவாலிஸ் வந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்தார்கள். இந்தோனேஷியாவில் 1986-லிருந்து ஓடிய கிஜாங் மாடலைத்தான் தூசி தட்டி அனுப்பியிருந்தார்கள். 2.4 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன். பார்க்க பிரெட் பாக்கெட் போல இருக்கிறது என்று பட்டணத்தில் சிரித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழு அத்தை, அதிலும் ஏழு பேருக்கும் முதுகு சாய இடம். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் அரைத்துப்போட்ட ரோட்டில் அது சலிக்காமல் ஓடியது. தலைமுறைக்கு ஓர் அத்தை குறைகிறார் என்ற விதி இங்கேதான் உறுதிப்பட்டது. வண்டி நன்றாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

குவாலிஸ் வாங்கியவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு வேண்டும், அதற்குத் தனி வரி, தனி பெர்மிட். இங்கேதான் நம் மிளகு வியாபாரி மறுபிறவி எடுத்தார். வண்டியில் வெள்ளை போர்டு, அதாவது ஓன் போர்டு. ஏறும்போதே டிரைவர் பாடம் நடத்திவிடுவார். "வழியில கேட்டா எல்லாரும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. நான் உங்க தங்கச்சி மவன்." அத்தைகள் தலையாட்டுவார்கள். நிறுத்திக் கேட்டதும் முன்சீட்டு அத்தை, "எங்க தம்பி மவன்தாங்க" என்று உறவை மாற்றிச் சொல்லி, பின்சீட்டு அத்தை அதைத் திருத்தப்போய், உண்மையிலேயே டிரைவர் யார் வகையில் என்ன முறை என்று விசாரணை ஆரம்பித்துவிடும். அது முடிவதற்குள் வண்டியை விட்டுவிடுவார்கள். இறங்குவதற்குள் அந்தப் பையனுக்குப் பெண் பார்த்து முடித்த கதைகளும் உண்டு.

நன்றாக ஓடிய குவாலிஸை 2005 தொடக்கத்தில் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். விற்கிற சரக்கைக் கடைக்காரரே பிடுங்கிக்கொண்டதில் ஊருக்குக் கொஞ்ச நாள் கோபம். 2.5 லிட்டர் டீசல், 102 குதிரைத்திறன், பின்னாலும் ஏ.சி., ஆறு அத்தை. ஏ.சி.யின் பக்கவிளைவு, ஜன்னல் மூடியதால் புளிசோற்று வாசனை வெளியே போக வழியில்லை. கூடைக்கு முதல் தடை விழுந்தது.

இன்னோவா இன்னொரு வேலையும் செய்தது. கரைவேட்டியோடு சம்பந்தம் வைத்துக்கொண்டது. 2012 டிசம்பரில் நாஞ்சில் சம்பத் மதிமுகவிலிருந்து அதிமுகவுக்கு வந்தார். ஜெயலலிதா அவருக்குப் பதவியோடு ஓர் இன்னோவாவும் கொடுத்தார். 2017 ஜனவரியில் அவர் காரைத் திருப்பி ஒப்படைத்தார். இடைப்பட்ட காலத்தில் டொயோட்டா செலவில்லாமல் பெற்ற விளம்பரத்துக்கு அளவில்லை. ஒன்றியம் முதல் கிளை வரை எல்லாருக்கும் வெள்ளை இன்னோவா கனவு வந்தது. கட்சி வண்டியில் அத்தைக்கு இடமில்லை; கொடி கட்டிய காரில் ஏறுகிறவர்கள் எல்லாருமே மாமாக்கள்.

2016-ல் கிரிஸ்டா. முகம் பெரிதானது, உட்புறம் ஹோட்டல் வரவேற்பறை ஆனது, விலையும் அங்கேயே போய் நின்றது. நடுவரிசையில் தனித்தனி கேப்டன் சீட். இரண்டு சீட்டுக்கும் நடுவே வழி விட்டிருந்தார்கள். ஐந்து அத்தை. வழியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடலாமே என்று கேட்ட மாமாவை ஓனர் பார்த்த பார்வையில் அவர் மறுபடி டிவிஎஸ் 50-க்கே போனார்.

2022 நவம்பரில் அறிமுகமான ஹைகிராஸ், கரன்டும் பெட்ரோலும் கலந்த ஹைபிரிட். லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்கிறார்கள். பழைய சேசிஸை எடுத்துவிட்டார்கள், பின்சக்கரம் உந்தித் தள்ளிய காலம் போய் முன்சக்கரம் இழுக்கிறது. உயர்ந்த மாடலில் நடுசீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால் கால் நீட்ட ஒரு மெத்தை முன்னால் எழுந்து வரும். நான்கு அத்தை. மெத்தை எழுந்து வருகிற அதே இடத்தில் அம்பாசடர் காலத்தில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து ராஜா ராணி விளையாடினார்கள். ஓட்டிப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. புறப்படும்போது சத்தமே இல்லை. அதனால்தான் வாசலில் கூடையோடு நிற்கிறவர்களுக்கு வண்டி கிளம்பியதே தெரிவதில்லை.

இப்படித் தலைமுறை தலைமுறையாக இறக்கிவிடப்பட்ட அத்தைகள் சும்மா இருந்துவிடவில்லை. வாட்ஸ்அப்பில் குழு வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, ஜெயங்கொண்டத்தில் டெம்போ டிராவலர் பிடித்துவிட்டார்கள். மஞ்சள் போர்டு, முறையான பெர்மிட். இந்த ஆடிக்குச் சமயபுரம் போக விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பாடு. புளிசோற்றுக்குத் தனியாக ஓர் அண்டா. எல்லா சீட்டும் நிரம்பிவிட்டதாம். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் மட்டும் ஓர் இடம் பாக்கி. ஹைகிராஸ்காரருக்கு வர விருப்பமென்றால் ஒரு தலையணை எடுத்து வரச் சொன்னார்கள், மூடி கொஞ்சம் சுடுமாம்.