தங்கக்கட்டியாம்ல!

வாடா பேராண்டி, இப்பிடி உக்காரு. தகப்பனாகி நாலு நாளாச்சு, இன்னும் அந்த இளிப்பு மொகத்தைவிட்டு எறங்கல. நல்லா இளி, வேண்டாங்கல. பிள்ளை பாக்க வந்த கெழவன் நான். கொண்டாந்த சீனிப் பொட்டலத்தை உன் மாமியா கையில குடுத்துட்டுத் திண்ணையில ஒதுங்கிக் கெடக்கேன். கெடந்த எடத்துலயே உங்க வீட்டுப் பெருமையெல்லாம் காதுல விழுந்துருச்சு.

"பொறந்தப்ப கறுப்பா இருந்தான், மூணாம் நாளே தங்கக்கட்டியா மின்னுறான்"னு உன் மாமியா சொல்றாக. நம்ம வம்சத்துல அஞ்சு தலைமொறையை இந்தக் கண்ணால பாத்தவன் நான். அத்தனை பயலும் நெல்லு அவிக்கிற அண்டாவுக்கு அண்ணன் தம்பி. ராவோட ராவா இந்தத் தங்கம் எந்தச் சொரங்கத்துலருந்துடா வந்துச்சு?

அது போதாதுன்னு இன்னொரு பெருமை. "அழவே மாட்டான், அம்புட்டுச் சமத்து. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்." ஏண்டா, நாலு நாளுப் பயலுக்கு அழுகுறதையும் குடிக்கிறதையும் விட்டா வேற என்ன உத்தியோகம்? ரெண்டையும் விட்டுட்டு ஒருத்தன் தூங்குறான்னா அவனுக்குச் சமத்துப் பட்டமா குடுப்பாக?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாக. உங்க வீட்டுல பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, பாக்குறவுக கண்ணுக்குத்தான் அது தங்கமாத் தெரியுது.

மொகம் வெளுத்துருச்சே! பயப்படுறதுக்கும் ஒரு அளவு இருக்குடா. பெரியாஸ்பத்திரியில பச்சப்பிள்ளை வார்டுல நர்ஸா இருக்காளே நம்ம சின்னவ மக, அவ எனக்கு உக்கார வச்சுப் பாடம் எடுத்திருக்கா. மாசம் நெறஞ்சு பொறக்குற பிள்ளைகள்ல நூத்துக்கு 60 பிள்ளைக்கு இந்த மஞ்ச வரத்தான் செய்யுமாம். கொறமாசத்துல பொறந்தா 80. ரெண்டு மூணு நாள்ல தலைகாட்டி, நாலஞ்சு நாள்ல ஏறி, ரெண்டு வாரத்துக்குள்ள பெரும்பாலும் தானா வடிஞ்சு போயிரும். வயித்துக்குள்ள இருக்கையில பிள்ளைக்கு ரத்தத்துல செவப்பணு கூடுதல். வெளிய வந்ததும் அதுக ஒடையும். ஒடைஞ்ச கழிவுக்குப் பேரு பிலிரூபின். அதைக் கழிச்சுத் தள்ள வேண்டியது ஈரல். இதுவரைக்கும் அந்த வேலையத் தொப்புள்கொடி வழியாத் தாய் பாத்தா. இப்பப் பிள்ளையோட ஈரல் தாலுகா ஆபீசுல புதுசா சேந்த குமாஸ்தா மாதிரி முழிக்குது. பைலு குமியுது. குமிஞ்சதுதான் இந்த மஞ்ச.

பெரும்பாலும் குமாஸ்தா வேலையக் கத்துக்கிருவான். குமியிறது எல்லை மீறுனாத்தான் வெனை. ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு வண்டி இருக்கு, அந்தக் கழிவை ஏத்திக்கிட்டுப் போகும். வண்டி நெறஞ்சதுக்கு மேல வர்றது சும்மா நிக்குமா? மூளைக்குள்ள பூந்துரும். 1904லயே ஷ்மோர்ல்னு ஒரு ஜெர்மன் டாக்டர், இப்பிடிச் செத்துப்போன பச்சப்பிள்ளைகளை அறுத்துப் பாத்திருக்காரு. மூளையோட அடியாழத்துல சில எடம் மட்டும் மஞ்சளேறிக் கெடந்துச்சாம். அதுக்குக் கெர்னிக்டெரஸ்னு பேரு வச்சாரு. கையும் காலும் சொன்னபடி அசைய வைக்கிற எடம், காதுக்கு வர்ற சத்தத்தைக் கொண்டுபோற எடம், அங்க பாத்து ஒக்காரும். ஒக்காந்து கெடுத்தபெறகு தொடைச்செடுக்க மருந்து கெடையாது.

இதுல ஒரு கூத்து பாரு. சொகப்பிரசவம்னா ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாக. மஞ்ச ஏறுறது நாலஞ்சாம் நாளு. டாக்டரு கண்ணுல படாம, நம்மள மாதிரி மேதாவிக கண்ணு முன்னாடி ஏறும்.

மேதாவின்னு ஒன்னை மட்டும் சொல்லல, என்னையும் சேத்துத்தான். என் தம்பி மகன் தங்கராசு. அந்தப் பேரு வச்சது யாரு? நான்தான். ரெண்டாம் நாளே பிள்ளை பொன்னா மின்னுச்சு, தங்கராசுன்னு கூப்பிட்டேன், ஊரே கைதட்டுச்சு. அழாத சமத்து அவனும். அஞ்சாம் நாள் பாலு குடிக்கல. ஒடம்பு துணியாத் தொவண்டுச்சு. அப்பறம் வில்லு மாதிரிப் பின்னால வளைஞ்சு, கீச்சுன்னு ஒரு அழுகை. பட்சிதோஷம்னாக. வேப்பிலை அடிச்சு, தாயத்துக் கட்டுனோம். பொழைச்சான். ஆனா கையும் காலும் அதுபாட்டுக்கு முறுக்கும். காது கேக்காது. புத்தி மட்டும் கத்தி மாதிரி. என் வாயசைவப் பாத்தே நான் சொல்ற கேலிக்கு மொத ஆளாச் சிரிப்பான். அது காமாலைதான்னு யாரும் எழுதிக் குடுக்கல. பேத்தி அடையாளம் ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே வர, எனக்குத் தங்கராசுதான் கண்ணு முன்னால வந்து நின்னான்.

சரி, காமாலைன்னு நான் சொன்னதும் உங்க வீட்டுல கெளம்புன வைத்தியத்துக்கு வருவோம். சீனித்தண்ணி குடுக்கப் போறாகளாம், காமாலை எறங்க. அதைக் குடிச்சு வயிறு நெறஞ்சா தாய்ப்பால யாரு குடிப்பா, நானா? பாலு குடிச்சு வெளிக்குப் போனாத்தான் அந்தக் கழிவும் கூடப் போகும். நாளைக்கு எட்டுலருந்து பன்னெண்டு தடவை, தூங்குனாலும் எழுப்பிக் குடுக்கச் சொல்றா பேத்தி. கீழாநெல்லிய அரைக்கப் போறேன்னு உன் பெரியத்தை கெளம்பிருக்கா, அம்மியைத் தூக்கி ஒளிச்சு வையி. பிள்ளையச் சுத்திருக்க துணியில ஏண்டா பாச்சை உருண்டை வாடை? டிரங்குப் பெட்டியிலருந்து எடுத்த துணியா? மாத்தச் சொல்லு. ஜி6பிடின்னு ஒரு நொதி பொறப்புலயே கொறைஞ்ச பிள்ளைக உண்டு. அந்த வாடையே அதுக ரத்தத்தை ஒடைச்சு மஞ்சளைக் கெளப்பிவிட்டுரும்.

காலை வெயில்ல காட்டுனாப் போதுங்குற. இதுல பாதி நெசம் இருக்கு, அதான் தொல்லை. 1956ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டுங்குற ஊரு ஆஸ்பத்திரியில வார்டுன்னு பேருள்ள ஒரு நர்ஸம்மா. கொறமாசப் பிள்ளைகளை வெயில்ல கொண்டாந்து வைக்கிறது அவுக வழக்கம். ஒருநா ஒரு பிள்ளையத் தூக்கி டாக்டரு முன்னாடி காட்டுறாக. ஒடம்பு வெளுத்திருக்கு, துணி மூலை மூடியிருந்த முக்கோண எடம் மட்டும் அடர் மஞ்ச. பெறகு சன்னலோரம் வெயில் பட்டுக் கெடந்த, ரத்தம் எடுத்து வச்ச குழாயச் சோதிச்சா அதுலயும் பிலிரூபின் கொறைஞ்சிருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு 1958ல வெளக்கு வைத்தியத்தை ஒலகத்துக்குச் சொன்னாக. தோலுக்கடியில இருக்க பிலிரூபினை அந்த வெளிச்சம் உருமாத்தி, ஈரல் ஒதவி இல்லாமலே வெளிய போக வைக்கும். நீல வெளிச்சம்தான் அதுக்கு வேணும். கண்ணைக் கட்டி, துணியக் கழட்டி, மணிக்கணக்குல வெளக்கடியில படுக்க வைப்பாக. நீ வாசப்படியில நின்னு, கம்பளிக்குள்ள மூக்கு மட்டும் தெரியப் பத்து நிமிசம் காட்டுற வெயிலு உன் மனசுக்கு வேணா வைத்தியம். அம்மணமாப் போட்டா பிள்ளை தோலு வெந்துரும்.

உன் பொண்டாட்டி ரத்த வகை என்னடா? முழிக்கிற. பைக்குக்கு எந்த ஆயில்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவ. அவ நெகட்டிவா இருந்து பிள்ளை பாசிட்டிவ்னா, 72 மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டி-டி ஊசி போட்டிருக்கணும். இந்தப் பயலுக்கில்ல, அடுத்து வர்றவனுக்காக. போட்டாகளான்னு சீட்டைப் பாரு. ஓ வகைத் தாய்க்கு ஏ, பி வகைப் பிள்ளை பொறந்தாலும் ஒண்ணோட ஒண்ணு மோதும். பொறந்த ஒரு நாளைக்குள்ளயே மஞ்ச தெரிஞ்சா அப்பிடி ஏதோ சண்டையா இருக்கலாம், நின்னு பேசாம ஓடணும். ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்ச போகாம, மலம் சுண்ணாம்பா வெளுத்துப் போனா அது பித்தக்கொழாய்க் கோளாறா இருக்கலாம், அதுக்கும் ஓட்டந்தான்.

எங்க, பயலை வாசலுக்குத் தூக்கிட்டு வா. உள்ள மஞ்சப் பல்பு, மஞ்சச் சேலை, இதுல எதைப் பாக்க? மூக்கை லேசா அமுக்கி எடு. மஞ்ச. நெஞ்சு? ம்ம். வயிறு? தொடை? பாதத்தைக் காட்டு.

உள்ளங்காலும் இப்பிடியா இருக்கு.

எந்திரி. எத்தனை மில்லிகிராம்னு என் கண்ணு சொல்லாது, அதுல வேற புரை. கறுத்த தோலுல டாக்டரு கண்ணே ஏமாறும், ரத்தம் எடுத்துத்தான் பாக்கணும். 108க்குப் போனைப் போடு, அரசு ஆஸ்பத்திரியில பச்சப்பிள்ளை வார்டு உண்டு, காசு கேக்க மாட்டாக. எல்லை தாண்டியிருந்தா ரத்தத்தையே மாத்தி ஏத்துவாக, அதுக்கும் அங்கதான் போகணும். நல்ல நேரம் பாக்குறேன்னு உன் மாமனாரு பஞ்சாங்கத்தை எடுக்குறதுக்குள்ள கெளம்பு. ஆத்தா, நீ வண்டியிலயே பாலைக் குடு. குடிக்காட்டி டாக்டருகிட்ட அதை மொதல்ல சொல்லு.

எலே, நில்லு. போறதுக்கு முந்தி உன் மாமியாகிட்டருந்து அந்தச் சீனிப் பொட்டலத்தை வாங்கி என் மடியில போட்டுட்டுப் போ.