பேஸ் பக்தர்கள்

"பேஸ் நல்லா தூக்கலா இருக்கணும்ணே." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹெட்போன் வாங்க வரும் தம்பிகளுக்கு இருக்கும் ஒரே நிபந்தனை இதுதான். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பி அதிர்வெண் வீச்சு '20–20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரியைக் காட்டுவார். மலிவு சாமானிலும் அதே வரிதான் அச்சாகியிருக்கும். பிறகு சோதனைக்கு ஒரு குத்துப்பாட்டு. மண்டை அதிர்ந்தால் பில்.

ரசனையைக் குறை சொல்ல முடியாது. ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கவிட்டதில், பெரும்பாலோருக்குச் சற்றே தூக்கிய பேஸ்தான் பிடித்தது. அந்தச் 'சற்றே'தான் நம்மவர்களுக்குச் செரிக்காது. பேஸின் மேல்பகுதியான 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை ஊதிப் பெருக்கினால் பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து பாடுவார். "ராஜா சார் பேஸ் கிடார் கேக்கத்தான் வாங்கினேன்" என்பவரும் உண்டு. அந்தக் கிடார் சுரம் சுரமாக நடப்பதுதான் அழகு. பேஸ் ஊதிய ஹெட்போனிலோ எல்லாம் ஒரே 'தொம்'.

இயர்போன் கூத்து தனி. ரப்பர் முனை காதை ஒழுங்காக அடைக்காவிட்டால் பேஸ் மொத்தமும் போய்விடும். அதற்காகவே பெட்டியில் சின்னதும் பெரிதுமாக வேறு முனைகள் வைத்திருப்பார்கள். அந்தக் கவரைப் பிரிக்காமலேயே, பேஸ் பத்தலை என்று அடுத்த மாடலுக்கு இஎம்ஐ போடுகிறார்கள்.