167 நாள் லாபம்

குடும்பஸ்தன் மேல் உலகத்துக்கு என்றுமே ஓர் இளக்காரம் உண்டு. நாடு பிடித்தவனுக்குச் சிலை வைப்பார்கள், வீட்டை விட்டு ஓடியவனுக்கு மடம் கட்டுவார்கள். மாதாமாதம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டில் கொடுத்தவனுக்கு, போன பிறகு படத்துக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்தால் அதிகம். ஆனால் ஒரு பந்தயத்தில் மட்டும் இந்த இனத்தை அசைக்க முடியவில்லை. வயது சரிபார்க்கப்பட்ட ஆண்களில் உலகிலேயே நீண்ட நாள் வாழ்ந்தவர், ஜப்பானில் கியோத்தோ மாகாணத்தின் வடகோடியில், கடலோரமாகக் கிடக்கும் கியோதாங்கோ என்ற சின்ன ஊரின் தபால் ஆபீஸ் ஊழியர். பெயர் ஜிரோஎமோன் கிமுரா. 1897-இல் பிறந்து 2013 ஜூன் 12-இல் காலமானார். மொத்தம் 116 ஆண்டு, 54 நாள். குடும்பத்தில் சிக்கிக்கொண்டவன் சீக்கிரம் போய்விடுவான் என்று பயமுறுத்தும் பிரம்மச்சாரிகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கிமுராவின் வாழ்க்கையில் சாகசம் தேடுவது ரசத்தில் முருங்கைக்காய் தேடுகிற வேலை. சுமார் 40 ஆண்டு தபால் இலாகா. 1962-இல், 65 வயதில் ஓய்வு. சும்மா உட்காரத் தெரியாததால் 90 வயதுவரை வயல் வேலை. ஏழு பிள்ளைகள், 14 பேரப்பிள்ளைகள், 25 கொள்ளுப்பேரர்கள். அதற்கும் கீழே எள்ளுப்பேரர்கள். உத்தியோகம் பார்த்த காலத்தைவிட ஓய்வில் இருந்த காலம் அதிகம்: 51 ஆண்டு. எந்த நாட்டு நிதித்துறைக்கும் இதைக் கேட்டால் தூக்கம் கெடும். இதையெல்லாம்விட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. அவர் கட்டிக்கொண்டது பக்கத்து வீட்டுப் பெண்ணை. அந்த வீட்டில் ஆண் வாரிசு இல்லை. ஆகவே மியாகே என்ற பிறந்த குடும்பப் பெயரை விட்டுவிட்டு, மனைவி வீட்டின் கிமுரா ஆனார். அந்த வீட்டில் வழிவழியாக வந்த ஜிரோஎமோன் என்ற பெயருக்கு ஒன்பதாவது ஆளும் ஆனார். சுருங்கச் சொன்னால், உலக சாதனையாளர் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை. மற்ற மாப்பிள்ளைகளுக்கு மாமனார் வீட்டில் மோதிரம் கிடைக்கும்; இவருக்குப் பெயரே கிடைத்தது.

இதற்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம், அளவாகச் சாப்பிட்டார், வெயிலில் நின்றார், இருந்தார் என்று ஆட்சேபம் வரும். அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அளவுச் சாப்பாடு குடும்பஸ்தனின் கொள்கையாக இருக்கலாம். கரண்டி யார் கையில் என்று பார்க்க வேண்டாமா? தனி ஆள் ஓட்டலில் இரண்டாவது பிளேட் சொன்னால் சர்வர் சந்தோஷப்படுவான். வீட்டில் இரண்டாம் தடவை தட்டை நீட்டினால் சர்க்கரை அளவிலிருந்து போன வருஷ ஆஸ்பத்திரி பில் வரை பேச்சு வரும். கல்யாணமானவர்கள் கூடுதல் நாள் இருக்கிறார்கள் என்று 1858-லேயே வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிவர நிபுணர் பிரான்ஸ் நாட்டு மரணக் கணக்கை வைத்துக் காட்டினார். திடகாத்திரமானவனுக்குத்தானே பெண் கொடுப்பார்கள், அவன் நெடுநாள் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கல்யாணச் சந்தையே பாதி மருத்துவப் பரிசோதனை. ஆனால் அந்தப் பரிசோதனை ஒரு நாள் நடப்பது. அதற்குப் பிறகு அறுபது வருஷம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே!

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. கிமுராவுக்கு முன் சாதனையை வைத்திருந்தவர் கிறிஸ்டியன் மார்ட்டென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் 1998-இல் காலமானவர். கொஞ்ச காலமே நிலைத்த கல்யாணம், பிள்ளைகுட்டி இல்லை, சுருட்டுப் பிரியர். அவரும் 115 ஆண்டு, 252 நாள் இருந்தார். ஆக ஏழு பிள்ளை பெற்று, வளர்த்து, கரையேற்றிய குடும்பஸ்தனுக்குக் கிடைத்த நிகர லாபம் 167 நாள். பிள்ளைக்கு 24 நாள்கூடத் தேறவில்லை! வியாபாரமாகப் பார்த்தால் இது நஷ்டக் கணக்குதான். ஒப்புக்கொள்கிறேன். பதிவேட்டையே நம்பாதவர்களும் உண்டு. 2010-இல் டோக்கியோவில் 111 வயது என்று பதிவாகியிருந்த ஒருவருக்கு வாழ்த்துச் சொல்ல அதிகாரிகள் போனபோது, அவர் சுமார் 30 ஆண்டுக்கு முன்பே இறந்தது தெரிந்தது; பென்ஷன் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், இருப்பதாகப் பதிவிலுள்ள நூறு வயதுக்காரர்களில் 2,30,000-க்கும் மேற்பட்டோர் இருக்குமிடமே தெரியவில்லை. இது என் கட்சிக்குப் பாதகமா? குடும்பம் ஓர் ஆளின் ஆயுளை எவ்வளவு தூரம் நீட்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆள் போன பிறகும் நீட்டியிருக்கிறதே!

கிமுராவின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. கடைசிக் காலத்திலும் விடிகாலையில் எழுந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்தார், டி.வி.யில் பாராளுமன்ற விவாதம் பார்த்தார். அதைப் பார்த்தும் 116 வயதைத் தொட்டார் என்பதே தனி சாதனை. அப்போது வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இருவர்: எண்பதைத் தாண்டிய மூத்த மருமகள், பேரனின் மனைவி. இருவருமே கணவரை இழந்தவர்கள். மகனும் போய், பேரனும் போன வீட்டில் தாத்தாவுக்கு வேளாவேளைக்குக் கஞ்சியோ சோறோ வந்தது. குடும்பஸ்தன் குடும்பத்துக்காக உழைக்கிறான் என்று பாடுகிறோம். கூட்டிக் கழித்தால், அவனை உயிரோடு வைத்திருப்பதற்காகக் குடும்பம் உழைத்த உழைப்பு குறைந்தபட்சம் அதற்குச் சமம். தபால்காரருக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், அந்த 116 வருஷம் பலர் பணம் கட்டிய சேமிப்புக் கணக்கு. பாஸ்புக்கில் மட்டும் ஒரே பெயர். அதுவும் மாமனார் வீட்டுப் பெயர்.