களியை மெல்லக் கூடாது

ராகி களிக்கு இன்று வந்திருக்கிற மவுசைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தாலும் அறிவித்தது, பெங்களூரு ஓட்டல்களில் களி உருண்டைமேல் நெய்யை ஊற்றி, கொத்தமல்லித் தழையைச் செருகி, பில்லை நீட்டுகிறார்கள். 1983-இல், அதே ஊர் வில்சன் கார்டனில், அதே உருண்டையைத் தின்றதற்கு எனக்கல்லவா காசு கொடுத்திருக்க வேண்டும்!

ராத்திரி எட்டு மணிக்கு ஆயா தரையில் உட்கார்ந்து, துணி சுற்றிய பானையை இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்து, துடுப்பால் களி கிண்டுவாள். சமையல் மாதிரியே இருக்காது, யாரையோ அமுக்கிப் பிடித்து உண்மையைக் கக்க வைப்பது மாதிரி இருக்கும். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, ஆவி பறக்க உருட்டி, தட்டில் ‘தொப்’. குளத்திலிருந்து ஏறி வந்த எருமையின் பளபளப்பு. நடுவில் குழி, குழிக்குள் கீரைக் கடைசல்.

சட்டம் ஒன்றுதான். மெல்லக் கூடாது, பிட்டுப் புரட்டி முழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொண்டு விடியும்வரை கூட இருக்கும். "பாம்பு எலியை மென்னா தின்னுது?" என்பாள் ஆயா. பசியைக் கிளப்ப இதைவிட நல்ல உதாரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

தட்டில் இவ்வளவு கண்டிப்பு, தெருவில் ஒன்றும் கிடையாது. காலையில் வெளியே போனால் எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை. ஓடுகிற பி.டி.எஸ். பஸ்ஸில் ஒரு காலை வைத்து, மறு காலைக் காற்றில் விட்டுத் தொங்குவோம். ரஜினிகாந்த் கண்டக்டராக இருந்த கம்பெனி பஸ், உள்ளே போய் உட்கார்ந்தால் அவருக்கு அவமரியாதை. "ஒளகெ பாரோ!" (உள்ளே வாடா) என்று கத்துகிற கண்டக்டருக்கு இதெல்லாம் எங்கே புரியும்?

ஞாயிற்றுக்கிழமை லால்பாக். ஹைதர் அலி 1760-இல் போட்ட தோட்டத்தில் ஆயிரம் பூ இருந்தும் எங்களுக்கு வேண்டியது கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைதான். அதற்குச் சுமார் 300 கோடி வயது, தேசியப் புவியியல் சின்னம் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்று அது எங்கள் சறுக்குமரம். விழுந்து கிடக்கிற மட்டையில் உட்கார்ந்து, காலை மடக்கி, கண்ணை மூடினால் மிச்சத்தைப் பாறை பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் பாதி வழியில் மட்டை முன்னே போய்விட்டது, நான் பின்னே வந்தேன், டவுசர் மேலேயே தங்கிவிட்டது. அப்பாவின் ஃபேக்டரி காக்கி பேண்ட்டை வெட்டித் தைத்த டவுசர் அது. உட்காரும் இடத்தில் இரண்டு தோசை அளவுக்குத் தோல் போயிருந்தது.

டவுசரை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா ரத்தத்தைப் பார்த்தாள். "தேங்காய் எண்ணெய் வை" என்றாள், அவ்வளவுதான். டவுசரைத் துவைக்க வாங்கியவள் பாக்கெட்டில் கையை விட்டாள். முந்தின ராத்திரி நாய்க்குப் போடலாமென்று ஒளித்த அரை உருண்டைக் களி, நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்ததால் திரும்பப் பாக்கெட்டுக்கே வந்தது, கல்லாகக் கிடந்தது. 300 கோடி வருடப் பாறையில் தேய்ந்தும் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

அப்புறம் விழுந்தது பாருங்கள் அடி! பாறைக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாம் களிக்கு.

(1996-இல் தேவ கவுடா பிரதமரானபோது, "களி தின்னவன்டா!" என்று ஆயா தெருவுக்கே சொன்னாள். அவர் மேடையில் கண்ணயர்ந்த படம் பேப்பரில் வந்ததும், "அதுவும் களிதான்" என்றார் அப்பா. ஆயா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.)

அடி விழுந்த அன்று ராத்திரி என் தட்டில் இரண்டு உருண்டை. உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றபடி முழுங்கிக்கொண்டிருந்தேன். ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாவப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"நின்னுக்கிட்டுத் தின்னா நல்லா எறங்கும்" என்று மூன்றாவதை உருட்டினாள்.